குடம் நிற்கட்டும், ஆள் போகட்டும்

புரட்டாசி பிறந்துவிட்டால் குளத்தூர் வட்டாரத்துச் சம்சாரிகளுக்கு இரண்டு கவலை. மழை எப்போது இறங்கும் என்பது ஒன்று. அதற்குமுன் உரம் கைக்கு வந்து சேருமா என்பது மற்றொன்று. மழையை யாராலும் வரவழைக்க முடியாது. உரமோ முழுக்க முழுக்க மனிதர் கையில் இருக்கும் காரியம்.

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் என்று பரந்து கிடக்கும் கரிசல் காட்டில் பெரும்பகுதி மானாவாரி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். விதைப்புக்கு வாய்ப்பது சில வாரங்கள். விதையோடு அடியுரம் போக வேண்டும், அடியுரம் என்றால் இங்கே பெரும்பாலும் டிஏபி. அதனால்தான் வருடத்தின் பல மாதங்கள் நாலைந்து பேர் மட்டும் வந்துபோகும் கூட்டுறவுச் சங்க வாசலில், ‘லோடு வந்திருக்கு’ என்ற செய்தி ஊருக்குள் விழுந்த காலையில், விடியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது.

ஆதார் நகல், அடங்கல் நகல், மடித்த மஞ்சள்பைக்குள் பணம். 50 கிலோ டிஏபி மூட்டை 1,350 ரூபாய். மானிய உரத்தை விற்பனைக் கருவி வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற முறை 2018இலிருந்து நாடு முழுவதும் நடப்பில் இருக்கிறது. பிஓஎஸ் மிஷினில் ஆதார் எண்ணைப் பதிந்து, விரலை வைத்து, ரேகை பொருந்தினால் பில் வரும். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலை மிஷின் பல நேரம் ஏற்பதில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்கள், அடுத்த விரலை வைக்கச் சொல்வார்கள். நடுவில் சர்வர் நின்றுபோகும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும். கடைசியில், பாதி வரிசை நிற்கும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: “அண்ணாச்சி, சரக்கு தீந்துபோச்சு. அடுத்த லோடுக்கு வாங்க.”

எந்தத் தனி ஒரு சங்கத்தின் மீதும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பங்கீட்டுக் கடையிலும், இ-சேவை மையத்திலும், தீபாவளிக்கு முந்தின வாரத்து ஜவுளிக்கடையிலும், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலும், டாக்டர் கிளினிக்கிலும் நடப்பது இதேதான். வாடிக்கையாளர் காத்திருப்பதற்குக் கடைக்காரர் காசு கொடுப்பதில்லை. அதனால் காத்திருப்புக்கு விலையே இல்லை என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

விலை உண்டு. நூறுநாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த ஒருநாள் கூலி 336 ரூபாய். காட்டுவேலைக் கூலி பல ஊர்களில் இதைவிடக் கூடுதல். நாம் குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். அரைநாள் 168 ரூபாய். 60 பேர் அரைநாள் நின்றால் 10,080 ரூபாய். ஒரே வாசலில், ஒரே காலையில், எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் இவ்வளவு பணம் போகிறது. விதைப்புக் காலத்தில் அரைநாள் தவறினால் ஈரம் போய்விடும், ஈரம் போனால் முளைப்பு போய்விடும் என்ற இழப்பை இதில் நான் சேர்க்கவே இல்லை. வரிசையை ஒழுங்குபடுத்துவது என்றால் கயிறு கட்டுவதும், நாற்காலி போடுவதும், சத்தம் போட்டு ஆட்களை நேராக நிறுத்துவதும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். இந்தப் பத்தாயிரம் ரூபாயை யார் மிச்சப்படுத்துவது என்பதுதான் உண்மையான கேள்வி.

இந்தக் கேள்விக்கு உலகமே படிக்கும் ஒரு விடை இருக்கிறது. அதைக் கொடுத்தவர் இதே கரிசலில் பிறந்தவர்.

வடமலாபுரத்துக்காரர்

எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் 1918 அக்டோபர் 1 அன்று பிறந்தார் கோவிந்தப்ப வெங்கடசாமி. எழுதப் பலகையும் தாளும் கிடைக்காத காலம், ஆற்றுமணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்த பிள்ளை. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் படித்து ராணுவ மருத்துவப் பணிக்குப் போனார். சொந்தக் குடும்பத்துப் பெண்கள் கர்ப்பகாலத்தில் இறந்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று விரும்பியவர். முடக்குவாதம் அவரை நெடுநாள் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் புதிதாகப் பழக்கம் கொடுத்துக் கண் மருத்துவத்துக்கு வந்தார். வாழ்நாளில் அவர் தம் கையால் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1973இல் பத்மஸ்ரீ. 1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றதும் உடன்பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

அவருக்கு முன்னால் நின்ற வரிசையை எண்ணிப் பாருங்கள். கண்புரையால் பார்வை போன லட்சக்கணக்கான கிராமத்தார். அவர்களில் பெரும்பாலோரிடம் பணமில்லை. மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இத்தனை பேருக்கு இத்தனை மருத்துவர் வேண்டும் என்று அரசுக்கு மனுப் போட்டுவிட்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. இருக்கிற மருத்துவரின் ஒரு நாள் எங்கெல்லாம் வீணாகிறது என்று பார்த்தார். நோயாளியை மேசைக்குக் கொண்டுவந்து படுக்கவைப்பது, கண்ணைச் சுத்தம் செய்வது, மரப்பு மருந்து வேலை செய்யக் காத்திருப்பது, கட்டுப் போட்டு இறக்கிவிடுவது என்று நேரம் போகிறது. புரையை எடுக்கும் வேலை சில நிமிடம்தான்.

அரவிந்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். ஒரு கண்ணை முடித்தவுடன் நுண்ணோக்கி அந்தப் பக்கம் திரும்பும், மருத்துவரும் திரும்பி அடுத்த கண்ணைத் தொடங்குவார். தயார் செய்வதும், கருவிகளை எடுத்துக்கொடுப்பதும், முடிந்தபின் பார்த்துக்கொள்வதும் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பு. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து உருவாக்கிய படை அது. வெளிநோயாளிப் பிரிவிலும் அப்படித்தான். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது, கண்ணாடி அளவெடுப்பது எல்லாம் அந்த சிஸ்டர்கள் கையில். எல்லாம் முடிந்த அட்டையோடுதான் நோயாளி மருத்துவர் முன் உட்காருகிறார். அரவிந்தின் அறுவை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு 2,000 அளவில் அறுவை செய்கிறார், நாட்டின் சராசரி அதில் கால்பங்கை எட்டுவதே கடினம் என்று இதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். 1993இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி இதைப் பாடமாக எழுதியது. அமெரிக்காவின் மெக்டொனால்டு உணவகங்கள் ஊர்தோறும் ஒரே தரத்தில் இத்தனை பேருக்கு எப்படிப் பரிமாறுகின்றன என்று வெங்கடசாமி வியந்து பேசிக்கொண்டே இருப்பார் என்பது அவரை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி.

இதில் கடைக்காரருக்கும் சங்கச் செயலாளருக்கும் என்ன இருக்கிறது? வரிசையைக் குறைக்க நினைப்பவர் முதலில் தேட வேண்டியது, இந்த இடத்தில் அரிதான கை எது என்பதை. அரவிந்தில் அது மருத்துவரின் கை. சொசைட்டியில் அது பிஓஎஸ் மிஷின். அந்த ஒற்றை மிஷின் முன்னால் நின்றுகொண்டுதான் சம்சாரி பைக்குள் ஆதாரைத் தேடுகிறார், அடங்கலில் சர்வே எண் சரியா என்று பேச்சு நடக்கிறது, நோட்டு எண்ணப்படுகிறது, சில்லறை தேடப்படுகிறது. அத்தனை நேரமும் மிஷின் சும்மா இருக்கிறது. வாசலிலேயே ஒரு மேசை போட்டு, ஒருவர் தாள்களைச் சரிபார்த்து, பணத்தை வாங்கித் துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டால், மிஷினுக்கு முன்னால் விரல் வைக்கும் வேலை மட்டும் மிஞ்சும். விரல் விழாதவரை அங்கேயே நிறுத்தி ஐந்து தடவை முயன்று பின்னால் நிற்கும் ஐம்பது பேரைக் காக்கவைக்காமல், பக்கத்தில் உட்காரவைத்து, கையைக் கழுவித் துடைக்கச் சொல்லி, இரண்டு பேருக்கு ஒருமுறை அவரை இடையில் அழைக்கலாம். இதற்கெல்லாம் அரசாணை தேவையில்லை.

எல்லாக் காத்திருப்பையும் ஒழிக்க முடியாது என்பதையும் கண் மருத்துவமனையே காட்டுகிறது. சொட்டு மருந்து விட்டபின் கண்மணி விரிய அரைமணி நேரம் ஆகும். அது வேலையோடு ஒட்டிய காத்திருப்பு. காரணத்தைச் சொன்னால் யாரும் முணுமுணுப்பதில்லை. நாமாக உண்டாக்கிய காத்திருப்பைத்தான் நாம் குறைக்க வேண்டும்.

அரவிந்தின் கதையில் என்னை அதிகம் உலுக்கிய பகுதி வேறு. இலவசக் கண் முகாம்களில் கூட்டம் அலைமோதியதைப் பார்த்து எல்லோரும் திருப்தியாக இருந்த காலத்தில், அவர்கள் கிராமங்களுக்குள் போய் ஆய்வு செய்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில், கண்ணில் கோளாறு இருந்தும் பக்கத்தில் நடந்த முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர்தான் என்று தெரிந்தது. மற்ற 93 பேர் வரிசையிலேயே இல்லை. பஸ் காசு, கூட வரும் ஆளின் கூலி, ஒரு நாள் வேலை ஆகியவற்றைக் கணக்குப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அதன்பிறகுதான் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்து, அங்கிருக்கும் பணியாளர் பரிசோதித்ததை மருத்துவர் கணினித் திரை வழியே பார்த்து ஆலோசனை சொல்லும் ஏற்பாடு வளர்ந்தது. நீண்ட வரிசையைப் பார்த்து ‘வியாபாரம் ஓடுது’ என்று மகிழும் ஒவ்வொருவரும் அந்த 93ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனவரை எந்தக் கல்லாவும் எண்ணுவதில்லை.

ஒரு நிமிடத்தின் கணக்கு

வரிசைக்கென்று ஒரு கணிதம் இருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணிதர் 1909இல் அதற்கு அடி போட்டார். இத்தனை அழைப்பு வந்தால் இத்தனை இணைப்பு வேண்டும் என்பது அவர் தேடிய கணக்கு. மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் அந்தக் கணக்கே பொருந்தும்.

ஒருவருக்குச் சராசரி ஐந்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 பேரை அனுப்பலாம். மணிக்கு 9 பேர் வருகிறார்கள். 12க்கு 9 குறைவுதானே, யாரும் காத்திருக்க வேண்டாம் என்று தோன்றும். ஆனால் ஆட்கள் சீராக வருவதில்லை. நாலு பேர் சேர்ந்து வருவார்கள், பிறகு கால்மணி நேரம் யாரும் வரமாட்டார்கள். ஒருவர் இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்வார், அடுத்தவருக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால், 9 பேர் வரும்போது ஒருவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். வருகிறவர்கள் 9இலிருந்து 11 ஆகட்டும். இரண்டே பேர்தான் கூடுதல், 12ஐ இன்னும் தாண்டவில்லை. காத்திருப்பு 55 நிமிடமாகிவிடுகிறது. ‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே போச்சு, இன்னிக்கு மட்டும் என்ன இவ்வளவு கூட்டம்’ என்று கடைக்காரர் திகைக்கும் நாள் இதுதான்.

இப்போது அதே 11 பேருக்கு, வாசல் மேசையால் ஐந்து நிமிட வேலையை நாலு நிமிடமாகக் குறைக்கிறோம். காத்திருப்பு 55இலிருந்து 11 நிமிடத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்கு நாற்பத்து நாலு நிமிடம் திரும்பக் கிடைக்கிறது. கூடுதல் ஆள் போட முடியாத சிறு கடைக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது ஆள் இருந்தால், இரண்டு வரிசை வேண்டாம். ஒரே வரிசை நிற்கட்டும், எந்த ஆள் ஒழிகிறாரோ அவரிடம் அடுத்தவர் போகட்டும். ரயில்வே முன்பதிவு கணினிக்கு மாறுமுன் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சன்னல், ஒரு பதிவேடு. ஒரு சன்னலில் கூட்டம் நெரிய, பக்கத்துச் சன்னலில் ஊழியர் சும்மா இருப்பார். 1980களில் கணினி வந்தபின் எந்தச் சன்னலிலும் எந்த வண்டிக்கும் சீட்டு என்றானது. ஆள் எண்ணிக்கையைக் கூட்டாமலேயே சன்னல்களின் சும்மா நேரம் பயன்பட்டது. எத்தனை கடைகளில் இன்னமும் இந்தக் கல்லாவுக்கு இந்த வரிசை, அந்தக் கல்லாவுக்கு அந்த வரிசை என்று நாம் அடுத்த வரிசை வேகமாக நகர்வதைப் பார்த்து ஏங்கிக்கொண்டு நிற்கிறோம்!

இ-சேவை, ஜெராக்ஸ் கடைகளுக்கு இன்னொரு கணக்கு. முன்னால் ஒருவர் புது விண்ணப்பத்தோடு நிற்கிறார், அவருக்கு 30 நிமிடம். பின்னால் மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிட வேலை. வந்த முறைப்படி பார்த்தால் அந்த மூவரும் 30, 33, 36 நிமிடம் என மொத்தம் 99 நிமிடம் காத்திருப்பார்கள். சின்ன வேலைகளை முதலில் முடித்தால் நால்வருக்கும் சேர்த்து 18 நிமிடம்தான். ஆனால் இதை வரிசையின் நடுவில் திடீரென்று செய்தால் சண்டை வரும், வரவும் வேண்டும். ‘பிரிண்ட் மட்டும் எடுப்போர் இந்தப் பக்கம்’ என்று முதல் நாளிலிருந்தே பலகை தொங்கினால் அது எல்லோருக்கும் பொதுவான முறையாகிவிடும்.

குடம் கற்றுக்கொடுத்தது

டோக்கன் முறையைச் சீமையிலிருந்து வந்த புதுமை என்று நினைப்பவர்கள் கரிசல் காட்டுக் குழாயடியைப் பார்த்திருக்க மாட்டார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். குடம் இல்லாதவர் ஒரு கல்லை வைப்பார். அந்தக் குடத்தின் இடத்தை யாரும் மாற்ற மாட்டார்கள், மாற்றினால் தெருவே கேட்கும். தண்ணீர் வந்துவிட்டது என்றால் ஒரு பிள்ளை ஓடிவந்து சொல்லும். மாவு மில்லில் அரிசித் தகர டின்னும் வாளியும் அதே வேலையைச் செய்யும். ஆள் உடம்போடு நிற்க வேண்டியதில்லை, முறை மட்டும் நின்றால் போதும். அந்த இடைவேளையில் அடுப்பு எரியும், பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும், மாட்டுக்குத் தண்ணி காட்டியாகும். செல்போனில் ‘உங்கள் முறை வந்துவிட்டது’ என்று செய்தி அனுப்பும் இன்றைய ஏற்பாடுகள் எல்லாம் செய்வது அந்தப் பிள்ளையின் வேலையைத்தான்.

இந்த முறை நிற்பதற்கு ஒரு நம்பிக்கை தேவை. நான் இல்லாத நேரத்திலும் என் இடம் எனக்கே இருக்கும் என்ற நம்பிக்கை. அது இல்லாத இடத்தில்தான் ஆட்கள் விடிகாலை நாலு மணிக்கு வந்து உடம்பால் இடம் பிடிக்கிறார்கள். சொசைட்டியோ கடையோ பின்வாசல் வழியாக நாலு மூட்டையைத் தெரிந்தவருக்கு அனுப்பிவிட்டால், அன்றைக்கு அந்த நாலு மூட்டையோடு விஷயம் முடிவதில்லை. அடுத்த லோடுக்கு எல்லோரும் நடுராத்திரியே வந்து நிற்பார்கள்.

வந்த முறைப்படி நிற்பது என்பது இந்த மண்ணில் எளிதில் வந்த ஒழுங்கும் அல்ல. கிணற்றடியிலும் டீக்கடையிலும் யார் முன்னால் நிற்கலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த நாட்கள் நம் தாத்தா பாட்டிகளின் நினைவில் இருக்கின்றன. ஒருவர் பின்னால் ஒருவர், யாராயிருந்தாலும் அவரவர் முறையில் என்பதைப் போராடித்தான் பெற்றோம். அதனால் பின்வாசல் எனக்குச் சின்ன முறைகேடாகத் தெரியவில்லை. முதியவருக்கும், கர்ப்பிணிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், மாற்றுத்திறனாளிக்கும் முன்னுரிமை கொடுப்பது வேறு. அதை எல்லோரும் கண்ணால் பார்க்கும்படி முன்வாசலில் செய்யலாம், வரிசையில் நிற்பவர்களே வழிவிடுவார்கள்.

டோக்கன் வாங்கவே வரிசை

டோக்கன் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் நிர்வாகிகளுக்குத் துயரமான மூன்று பாடங்கள் உண்டு. 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்காக விடியுமுன் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 42 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 4 அன்று வாணியம்பாடியில், தைப்பூசத்தையொட்டித் தனியார் ஒருவர் கொடுக்கவிருந்த இலவசச் சேலைக்கு டோக்கன் வாங்கப் போன நான்கு பெண்கள் இறந்தார்கள். 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட ஏகாதசித் தரிசன டோக்கனுக்குக் காத்திருந்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். மூன்றிலும் கூட்டம் கூடியது பொருளுக்காகக்கூட அல்ல, பொருளுக்கான சீட்டுக்காக. எல்லோரையும் ஓரிடத்தில், ஒரே நேரத்தில், குறைந்த எண்ணிக்கைச் சீட்டுக்காகக் கூட்டினால், டோக்கன் வரிசையைக் குறைக்காது. இன்னும் கொடிய வரிசை ஒன்றை அதற்கு முன்னால் சேர்த்துவிடும்.

பொங்கல் பரிசுக்குத் தமிழ்நாட்டுப் பங்கீட்டுக் கடைகள் கையாண்ட வழி இதற்கு நேர் மாறானது. கடைப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், எந்த நாள், எந்த நேரம் வர வேண்டும் என்று குறித்த டோக்கனைக் கையில் கொடுத்தார்கள். சீட்டு ஆளைத் தேடிப் போனது. கடைக்கு எத்தனை அட்டை, யார் எந்தத் தெரு என்ற பட்டியல் ஏற்கெனவே இருந்ததால் முடிந்தது.

உரத்துக்கும் அந்தப் பட்டியல் இருக்கிறது. எந்த ஊரில் எத்தனை ஏக்கரில் என்ன விதைக்கிறார்கள் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருக்கிறது. யார் எந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்பது சங்கத்திலேயே இருக்கிறது. 120 பேருக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் பத்து மணி நேர வேலை. எல்லோரும் விடியற்காலையில் வந்து நின்றால் கடைசி ஆள் பத்து மணி நேரம் நிற்பார். நாலு ஊராகப் பிரித்து, ஊருக்கு முப்பது பேர் என்று நேரம் குறித்து அழைத்தால் யாரும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள். மிஷின் அதே மிஷின், ஊழியர் அதே ஊழியர், மூட்டையும் அதே மூட்டை. எந்த ஊர் முதலில் என்பதைச் சுழற்சியாக வைத்துவிட்டால் மனத்தாங்கலும் இருக்காது. வாட்ஸ்அப் குழு இல்லாத சங்கம் இன்று அபூர்வம். அது இல்லாத முதியவருக்கு ஊர்ச் சாவடியிலோ கோயில் மைக்கிலோ சொல்லலாம்.

சரக்கு போதாமல் இருப்பதை வரிசை ஒழுங்கு தீர்த்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதைப்புக் காலத்தில் தேவைக்கு உரம் வந்து சேராததற்குக் கப்பல், இறக்குமதி, ஒதுக்கீடு, ரயில் வேகன் என்று காரணங்கள் குளத்தூருக்கு வெகு தொலைவில் இருக்கின்றன. சங்கத்து ஊழியர் ஒருவரைத் திட்டி அதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் இன்றைக்கு எத்தனை மூட்டை இருக்கிறது என்பது காலை எட்டு மணிக்கே அவருக்குத் தெரியும். எத்தனையாவது ஆளோடு சரக்கு தீரும் என்பது இரண்டாம் வகுப்புக் கணக்கு. அதைச் சொல்லாமல் விடுவதால்தான் கிடைக்காது என்று உறுதியான ஒருவர் மதியம் இரண்டு மணி வரை வெயிலில் நிற்கிறார். காத்திருப்பவருக்குக் கால்வலியைவிடப் பெரிய துன்பம் நிச்சயமின்மை.

கடைக்காரர்களும் இதை இன்றே தொடங்கலாம். முன்னால் இருக்கும் தலைகளை எண்ணி, ஒரு தலைக்கு ஆகும் நிமிடத்தால் பெருக்கி, ‘அக்கா, உங்க முறைக்கு முக்கால்மணி ஆகும், சந்தைக்குப் போயிட்டு வாங்க, சீட்டு இந்தாங்க’ என்று சொல்ல ஒரு பென்சில் போதும். சொன்ன நேரத்தில் முடித்துக்கொடுத்தால் அந்த அக்கா அடுத்த முறையும் உங்களிடமே வருவார். புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய் விற்கும் கோவில்பட்டியில், பண்டிகை நாளில் அரைக்கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டுகளை முன்கூட்டியே எடைபோட்டு அடுக்கிவைத்தால் தராசு முன்னால் நிற்கும் கூட்டத்தில் பாதி கரைந்துவிடும். கறிக்கடையில் முந்தின இரவே போனில் எடையைச் சொல்லிவைப்பது பல ஊர்களில் பழக்கத்துக்கு வந்துவிட்டது. கிளினிக்கில் காலை பத்து மணிக்கு ஐம்பது பேரையும் வரச்சொல்வதற்குப் பதில், மணிக்குப் பத்துப் பேர் என்று பிரிக்கலாம். இவற்றோடு நிழலும் குடிதண்ணீரும் உட்கார இடமும் வேண்டும். அவை வரிசையைக் குறைக்காது, ஆனாலும் அவற்றைக் கேட்டுப் பெற வேண்டிய நிலை ஒருவருக்கும் வரக்கூடாது.

இந்தப் புரட்டாசிக்கு இவ்வட்டாரத்துச் சங்கங்களிடம் நான் கேட்பது ஒரு கரும்பலகை. லோடு இறங்கிய காலையில், கதவு திறக்குமுன், சாலையில் நின்றே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் இப்படி எழுதிவையுங்கள்: ‘டிஏபி வரத்து 240 மூட்டை. ஒருவருக்கு 2. சீட்டு எண் 1 முதல் 60 வரை காலை 8 மணி, 61 முதல் 120 வரை மதியம் 2 மணி. 121 முதல் உள்ளவர்கள் அடுத்த லோடுக்கு, இதே எண்ணோடு, முதல் ஆளாக.’